இன்னும் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறார்

மூன்று வருடங்களுக்கு முன்னால், புரட்டாசியில், மாளய பட்சம் தொடங்கிய வாரம் அது. சத்திரம் பேருந்து நிலையத்தில் தென்னூர் போகும் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பகல் வெயில், பூக்கடை வரிசை, கண்டக்டர்களின் கூவல் என்று சுற்றிலும் எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். இறந்துபோன என் நண்பர் என்னுடன் இணைய விரும்புவதாக ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது.

எனக்கு எதையும் நாள் குறித்து வைக்கும் பழக்கம் உண்டு. காவிரியில் புதுத் தண்ணீர் அம்மா மண்டபத்துப் படியைத் தொட்ட நாள், எங்கள் தெரு வேப்பமரத்தை வெட்டிய நாள், காந்தி மார்க்கெட்டில் முதல் மாம்பழக் கூடை இறங்கிய நாள் என்று வருடக்கணக்காக எழுதி வைத்திருக்கிறேன். "தாலுகா ஆபீஸ்ல கூட இவ்வளவு இருக்காது" என்று என் மனைவி கேலி செய்வாள். இந்தச் சம்பவத்தையும் அப்படித்தான் அன்றன்றே எழுதினேன். எழுதியும் அது அடங்கவில்லை என்பதுதான் விஷயம்.

வேலை தேடுபவர்களும் வேலை கொடுப்பவர்களும் ஒருவரையொருவர் தெரிந்துகொள்வதற்கென்று ஓர் இணையதளம் இருக்கிறதல்லவா, அதிலிருந்து வந்த அழைப்பு அது. ஓய்வு பெறுவதற்கு முன் அலுவலகத்தில் எல்லாரும் சேர்ந்தார்களே என்று நானும் ஒரு கணக்குத் தொடங்கியிருந்தேன். அதன் பலன், நாக்பூரில் இருக்கும் இன்ஷூரன்ஸ் ஏஜென்டும் முகம் தெரியாத மென்பொருள் பையன்களும் என்னோடு இணையத் துடிப்பதாக வாரம் நாலு கடிதம் வரும். படிக்காமலே அழித்துவிடுவேன். அன்றும் கட்டைவிரல் அழிக்கப் போய்விட்டது. அப்போதுதான் படத்தைக் கவனித்தேன். கோடு போட்ட சட்டை, ஒரு பக்கமாகச் சாய்ந்த சிரிப்பு. அந்தப் படத்தை எடுத்ததே நான்தான். அவர் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கிளம்பிய அன்று, அலுவலக மொட்டை மாடியில் எடுத்தது.

இருபது வருடத்துக்கு மேல் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் நாங்கள். அவர் ஸ்ரீரங்கத்து வைஷ்ணவர், நான் கிறிஸ்தவன். அவர் வீட்டுப் புளியோதரை என் வீட்டுக்கு வரும், எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக்கை முட்டை இல்லாமல் தனியாகச் செய்து அவர் வீட்டுக்குக் கொண்டுபோவோம். ஓய்வுக்குப் பிறகு வேறு வேலை தேடியபோது அந்த இணையதளத்தில் சேர்ந்தார். அதில் தன்னை 'ஆலோசகர்' என்று எழுதிக்கொண்டார். யார் ஆலோசனை கேட்கிறார்கள் என்று கேட்டதற்கு, "ஆத்துல காய்கறிக்காரர்தான் கேக்கறார்" என்றார்.

அதற்கு அடுத்த ஆண்டு ஆடியில் கொள்ளிடத்தில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போனது. விடியலில் குளிக்கப் போனவர் வரவில்லை. துண்டும் கண்ணாடியும் செருப்பும் படியில் இருந்தன. தீயணைப்புப் படையினர் படகு போட்டுத் தேடினார்கள், கீழே அணைக்கரை வரைக்கும் தகவல் போயிற்று. உடல் கிடைக்கவே இல்லை.

அவருடைய மனைவியை நான் மாமி என்று கூப்பிடுவேன். மாமி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அவருக்கு நீச்சல் தெரியும் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். நெற்றியில் ஸ்ரீசூர்ணமும் கழுத்தில் திருமாங்கல்யமும் அப்படியே இருந்தன. உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையால் ஓர் உருவம் செய்து, அதற்கு எரியூட்டிக் காரியங்கள் செய்கிற வழக்கம் அவர்களில் உண்டு. நண்பரின் தம்பி பெங்களூரில் இருக்கிறார். அதைச் செய்துவிடலாம் என்று அவர் எத்தனையோ முறை கேட்டும் இரண்டு வருடம் மாமி சம்மதிக்கவில்லை. கடைசியில் மகளுக்காக ஒப்புக்கொண்டார். சென்னையில் வேலை பார்க்கும் மகளுக்கு நல்ல இடம் அமைந்திருந்தது. தகப்பனார் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத வீட்டில் எப்படிக் கல்யாணப் பேச்சை முடிப்பது என்று பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் தயங்கினார்கள். மாளய அமாவாசையன்று காரியத்தைத் தொடங்குவதாகப் புரோகிதம் செய்யும் வாத்தியாரும் சொல்லிவிட்டார்.

இறந்துபோன முன்னோர்கள் தங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நிற்பார்கள் என்று அவர்கள் நம்பும் பதினைந்து நாட்கள்தான் மாளய பட்சம். அந்த நாட்களில்தான் இந்த அழைப்பு வந்தது.

அன்று அதை நான் அழிக்கவுமில்லை, ஏற்கவுமில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் காட்டினேன். அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "உங்க ஃப்ரெண்டு அங்கயும் ஆபீஸ் திறந்துட்டாரா? ஆள் பத்தலையாமா?" என்று சிரித்தாள். சிரித்துவிட்டு உடனே நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, அதை முதலில் அழியுங்கள் என்றாள். எவனோ கணக்கைத் திருடிவிட்டான் என்று நான் சமாதானம் சொன்னேன். அவளுக்குச் சொன்னேனா எனக்குச் சொல்லிக்கொண்டேனா என்று தெரியாது.

இரண்டு நாள் கழித்து நினைவூட்டல் வந்தது. அழைப்பை மறந்துவிட்டீர்களா என்று கேட்டு, கீழே நண்பரின் பெயரைப் போட்டு, இன்னும் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறார் என்று எழுதியிருந்தது. இயந்திரம் எல்லாருக்கும் எழுதும் வாசகம்தான். ஆனால் கொள்ளிடப் படியில் செருப்பை விட்டுப் போனவரின் பெயருக்குப் பக்கத்தில் அதைப் படித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பழைய அலுவலக நண்பர்கள் இரண்டு மூன்று பேரிடம் பேச்சுவாக்கில் விசாரித்தேன். ஒருவருக்கு வந்திருந்தது, மற்றவர்களுக்கு வரவில்லை. வந்தவர் நண்பரின் வீட்டுக்கு அடிக்கடி போனவர். வராதவர்கள் அலுவலகத்தோடு நின்றவர்கள். நண்பருடைய குடும்ப டாக்டருக்கும் வந்திருந்தது. நண்பர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தவர்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்து அனுப்பியதுபோல இருந்தது. எங்கோ உட்கார்ந்து திருடுகிறவனுக்கு எங்களில் யார் யார் அந்த வீட்டுக் காப்பி குடித்தவர்கள் என்று எப்படித் தெரியும்? அன்றுதான் முதன்முதலாக எனக்கு உடம்பு சில்லிட்டது.

மறுநாள் தம்பி பெங்களூரிலிருந்து கூப்பிட்டார். அவரும் அந்தத் தளத்தில் இருப்பவர், அண்ணனோடு முன்பே இணைந்தவர். அதனால் அவருக்கு அழைப்பு வரவில்லை. அவர் பார்த்தது வேறு. இணைந்தவர்களில் யாராவது அந்த நேரம் தளத்தைத் திறந்து வைத்திருந்தால் அவர்கள் படத்தின் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி தெரியும்.

"சார், ஒரு வாரமா காலம்பற எட்டரை மணி வாக்குல அண்ணா பேர்ல பச்சைப் புள்ளி எரியறது. கொஞ்ச நாழி இருக்கு, அப்புறம் அணைஞ்சுடறது" என்றார். அவர் குரல் சரியாக இல்லை.

அண்ணன் பூஜை முடித்து, பலகாரம் சாப்பிட்டு, மடிக்கணினி முன்னால் உட்காரும் நேரம் அது என்று எங்கள் இருவருக்குமே தெரியும். யாராவது கணக்கைத் திருடியிருப்பார்கள் என்று இவரிடமும் சொன்னேன்.

"திருடறவன் மன்னிக்கு எதுக்கு சார் அழைப்பு அனுப்பறான்?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, மாமியின் மின்னஞ்சலுக்கும் அதே அழைப்பு வந்திருக்கிறது. மாமி அதைப் பார்த்துவிட்டுக் காரியம் வேண்டாம் என்று வாத்தியாருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். தம்பியும் இப்போது அந்தப் பக்கம் சாய்ந்திருந்தார். அண்ணன் தண்ணீரில் போகவில்லை, ஏதோ மனக்கஷ்டத்தில் எங்கோ போய்விட்டார், இப்போது மகள் கல்யாணம் காதில் விழுந்து கூப்பிடுகிறார் என்று ஒரு கதையே கட்டிவிட்டார். "இருக்கறவருக்குக் கொள்ளி வெச்சுட்டு நான் எங்க போய் நிப்பேன், சொல்லுங்கோ" என்று அழுதார். அழுதுகொண்டே, ஒருவேளை இல்லாமல் இருந்தால், காரியம் செய்யாமல் விட்டால் அவர் கதி என்ன என்றும் அவரே கேட்டார். சாஸ்திரம் எனக்குத் தெரியாது. அமாவாசைக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது. மாமியைப் போய்ப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். போகிறேன் என்றேன்.

அடுத்த நாள் காலையிலேயே பஸ் ஏறினேன். காவிரிப் பாலத்தில் போகும்போது தண்ணீரைப் பார்க்கவில்லை, எதிர் வரிசை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ராஜகோபுரத்தருகே இறங்கி நடந்தேன். உத்தர வீதியில் அவர்கள் வீட்டு வாசலில் கோலம் வழக்கத்தைவிடப் பெரியதாக இருந்தது. உள்ளேயிருந்து டிகாக்‌ஷன் வாசனை வந்தது.

மாமி முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு தெளிவு இருந்தது. இரண்டு வருடமாக அந்த வீட்டில் நான் பார்த்தது ஓர் இறுக்கத்தைத்தான். அன்று தலையில் பூகூட வைத்திருந்தார். காப்பி கொடுத்தார். நான் எப்படித் தொடங்குவது என்று தவித்துக்கொண்டிருக்கும்போது சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"ஒரு பத்து நிமிஷம் உக்காந்திருங்கோ. அவரைப் பாத்துட்டு வந்துடறேன்" என்றார்.

டபராவைக் கீழே வைக்கத் தோன்றாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். மாமி இடைக்கழி தாண்டி உள்ளறைக்குப் போனார். கதவைப் பாதி சாத்தினார். நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. தெருவில் தயிர் விற்கிற சைக்கிள் மணி அடித்துக்கொண்டே போனது. அந்த வீட்டில் நான் இத்தனை வருடம் உட்கார்ந்திருக்கிறேன், அன்றைக்கு மட்டும் முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். எனக்கு வயது அறுபதுக்கு மேல்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. தம்பியின் செய்தி. பச்சைப் புள்ளி வந்துவிட்டது என்று எழுதியிருந்தார்.

போனைப் பையில் போட்டு, டபராவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். இன்று நினைத்தால், அந்த இடைக்கழியைக் கடந்ததுதான் என் வாழ்க்கையில் நான் செய்த தைரியமான காரியம். கதவிடுக்கில் பார்த்தேன். ஜன்னல் சாத்திய அறையில், நண்பரின் மேஜையில், நண்பரின் நாற்காலியில், மாமி உட்கார்ந்திருந்தார். திறந்திருந்த மடிக்கணினியின் வெளிச்சம் முகத்தில் விழுந்திருந்தது. திரையில் அந்தக் கோடு போட்ட சட்டைச் சிரிப்பு.

என் நிழலைப் பார்த்துத் திரும்பியவர் திடுக்கிடவில்லை. வாங்கோ என்று பக்கத்தில் கூப்பிட்டார். கல்யாணத்துக்கு வைக்க அப்பாவின் நல்ல படம் வேண்டுமென்று மகள் வந்திருந்தபோது, இரண்டு வருடம் மூடிக் கிடந்த கணினிக்கு மின்சாரம் கொடுத்துத் திறந்திருக்கிறாள். கடவுச்சொல்லும் மகளின் பெயர்தான். திறந்ததும் அவர் கடைசியாக மூடாமல் விட்ட இந்தப் பக்கம் அப்படியே வந்து நின்றிருக்கிறது. மகள் சென்னைக்குப் போன பிறகு மாமி தினமும் காலையில் வந்து உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்க்கிறார். இதையெல்லாம் ரொம்ப இயல்பாகச் சொன்னார். மாமி ஆங்கிலச் செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படிக்கிறவர், படிப்பறியாதவரல்ல. ஆனால் இப்படிப்பட்ட தளங்களில் அவர் நுழைந்ததே இல்லை.

படத்துக்குக் கீழே சிறு சிறு கட்டங்களாகப் பெயர்களும் முகங்களும் வரிசையாக இருந்தன. உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருக்கலாம் என்று மேலே ஒரு தலைப்பு. நண்பரின் மின்னஞ்சல் முகவரிப் பட்டியலிலிருந்து தளம் எடுத்துக்கொண்ட பெயர்கள், அதில் சேராதவர்களுடையதும் இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரு பொத்தான்.

"தெனமும் ரெண்டு மூணு பேரைக் காட்டித் தெரிஞ்சவாளான்னு கேக்கறது. நமக்குத் தெரியாதவாளா இருந்தா விட்டுடுவேன். தெரிஞ்சவான்னா தொடுவேன். ஆத்துக்கு வந்து போனவாளை எப்படித் தெரியாதுன்னு சொல்றது?" என்றார் மாமி.

எனக்குப் புரிந்துவிட்டது. சொன்னால் அந்த முகத்தில் இருக்கும் தெளிவு போய்விடும். சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் கல்யாணமும், பெங்களூரில் அழுதுகொண்டிருக்கும் ஒருவரின் நிம்மதியும், நம்பிக்கையின்படி பார்த்தால் என் நண்பரின் கதியும் அந்தப் பொத்தானில் தொங்கிக்கொண்டிருக்கும். நான் நின்றேன். இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் ஒன்றும் சொல்லாமலே கிளம்பியிருப்பேனோ என்னவோ.

மாமி திரையைச் சற்றுக் கீழே தள்ளினார். "இதோ, உங்காத்து மாமி" என்றார்.

என் மனைவியின் பெயர் அதில் இருந்தது. வீட்டில் எங்கள் இருவருக்கும் மின்னஞ்சல் என் போனில்தான் வரும். நான் கையை நீட்டித் தடுப்பதற்குள் மாமி தொட்டுவிட்டார்.

என் சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தது.

சின்ன அறை. இரண்டு பேர் காதிலும் விழுந்தது. மாமி என் சட்டைப் பையைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி பையைப் பார்த்தார். நான் போனை எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. வெளியே அந்தத் தயிர்க்காரர் திரும்பி வருகிற மணி கேட்டது. அது வீதி முனை திரும்பிக் கரையும்வரை மாமி அசையவில்லை.

பிறகு, என்னிடம் என்று சொல்ல முடியாது, திரையைப் பார்த்துத்தான் சொன்னார்.

"அன்னிக்கு என் பேரும் வந்தது. தெரியுமான்னு கேட்டது. தெரியும்னு தொட்டேன்."

கணினியை மெதுவாக மூடினார். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அந்த வீட்டில் மாமி அழுது நான் கேட்டது அன்றுதான். தண்ணீர்ச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. முகம் கழுவிக்கொண்டு வந்து, கூடத்தில் கிடந்த என் டபராவை எடுத்தார்.

"வாத்தியாருக்கு நான் சொல்லிக்கறேன். கொழுந்தனுக்கு நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்கோ. பாவம், நேத்திக்கு ஃபோன்ல சின்னப் பிள்ளையாட்டம் அழுதான்."

அமாவாசையன்று கொள்ளிடக் கரையில் எல்லாம் நடந்தது. நான் தள்ளி நின்று பார்த்தேன். தர்ப்பையால் செய்த உருவம் ஒரு குழந்தையின் நீளம்கூட இருக்காது. என் நண்பர் ஆறடி. அது எரிந்து முடிய அதிக நேரம் ஆகவில்லை. தம்பி ஆற்றில் இறங்கியபோது மகள் சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள், கணுக்கால் தண்ணீர்தான், ஆனாலும் விடவில்லை. தை மாதம் அவளுடைய கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. முகூர்த்த நேரத்தில் மாமி மேடைக்கு வராமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மகள் மாலையும் கழுத்துமாக இறங்கி வந்து அவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போனாள். பிள்ளை வீட்டார் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தக் கணக்கை மூடிவிடலாமென்று நானும் தம்பியும் முயன்றோம். இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். உடல் கிடைக்காதவருக்குச் சட்டப்படி அதை வாங்க ஏழு வருடம் ஆகவேண்டும். சாஸ்திரப்படி என் நண்பர் போய்விட்டார், அரசாங்கத்தின் கணக்கில் காணாமல் போனவர், இணையதளத்தின் கணக்கில் அவர் இன்னும் திருச்சியில் ஆலோசகராக வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார். மாமியே திறந்து மூடிவிடலாமே என்று கேட்டதற்கு, அந்தக் கணினியை இனிமேல் தொடமாட்டேன் என்றுவிட்டார்.

எனக்கு வந்த அழைப்பை என்ன செய்வது என்று மாமியிடமே கேட்டேன். "ஏத்துண்டுடுங்கோ. இல்லேன்னா அது கேட்டுண்டே இருக்கும், பாவம்" என்றார். ஏற்றுக்கொண்டேன்.

அதிலிருந்து வருடத்துக்கு ஒரு முறை எனக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது. உங்கள் நண்பர் ஆலோசகராக இன்னொரு ஆண்டை நிறைவு செய்திருக்கிறார், வாழ்த்துச் சொல்லுங்கள் என்று, அதே படத்தோடு. யார் அனுப்புகிறார்கள், எப்படி அனுப்புகிறார்கள் என்று எல்லாம் தெரிந்த பிறகும், அது வரும் காலையில் பிடரியில் ஒரு குளிர்ச்சி ஏறத்தான் செய்கிறது. நாள் குறித்து எழுதிவிட்டால் எந்த விஷயமும் முடிந்துவிடும் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். இந்த ஒன்றை மட்டும் எந்தத் தேதியில் முடிப்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. முன்பின் தெரியாதவர்களின் அழைப்புகள் இன்னும் வாரம் நாலு வந்துகொண்டுதான் இருக்கின்றன; இப்போதெல்லாம் அழிப்பதற்கு முன் ஒவ்வொரு பெயரையும் நிறுத்திப் படிக்கிறேன், எந்த ஊரில், ஜன்னல் சாத்திய எந்த அறையில், யார் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, தெரியும் என்று என் பெயரைத் தொட்டிருப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?